ஜெயசீலன் பேர் போட்ட ஃபேன்

இலுப்பக்காட்டில் கலைமணியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் யாராவது இருந்தால், அவர் நேற்றுத்தான் அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவராக இருக்க வேண்டும். செந்துறையில் டவுன் பஸ் ஏறி, முந்திரிக்காட்டுக்கு நடுவே இறங்கினால் முதலில் சூசையப்பர் கோயில், அதை ஒட்டியே பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கூடத்தில் கலைமணி சமையல்காரி. அவள் யாரையாவது வைகிற சத்தம் கேட்டால் உலை வைத்தாயிற்று என்று வாத்தியார்கள் தெரிந்துகொள்வார்கள். சத்தம் கேட்காத நாளில் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

வாய் அப்படி ஆனதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவள் அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் காட்டில் முந்திரிக்கொட்டை பொறுக்கியே காலத்தை ஓட்டியவர்கள். புருஷன் செல்லக்கண்ணு மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தபோது மகன் ஜெயசீலன் இடுப்பில் இருந்தான். சின்ன வயசுதானே, இன்னொருத்தனைக் கட்டிக்கொள் என்று சொல்ல வந்த சொந்தக்காரர்களுக்கு விளக்குமாற்றை எடுத்துக் காட்டினாள். ஒண்டியாகவே மகனை வளர்த்து, பாலிடெக்னிக் படிக்கவைத்து, அரியலூரில் வேலைக்கும் அனுப்பினாள். குரும்பலூரில் பெண் பார்த்து சிவரஞ்சனியைக் கட்டிவைத்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. சிப்ட் முடிந்து வண்டியில் வந்துகொண்டிருந்த ஜெயசீலன் மேல் சுண்ணாம்புக்கல் லாரி ஏறிவிட்டது.

மாமியாரும் மருமகளும் கொஞ்ச காலம் ஒரே வீட்டில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் சிவரஞ்சனி, அடுத்த தெருவில் லோடு ஆட்டோ ஓட்டும் அஜித்குமாரைக் கட்டிக்கொண்டாள். அதே கோயிலில், அதே பீடத்துக்கு முன்னால். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டவள்தான் கலைமணி. சிவரஞ்சனியிடம் மட்டும் இந்த நாள்வரைக்கும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மற்றவர்களிடம் அவளைப் பற்றிப் பேசாத நாளும் இல்லை.

"நான் இருக்கல? இருவத்தஞ்சு வருசமா நான் இருக்கல? அவளுக்கு மட்டும் என்ன கேடு?" என்பாள்.

இதற்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்? ஊர் தலையை ஆட்டிவிட்டு, அந்தப் பக்கம் போய்ச் சிரித்தது.

இனி ஃபேனுக்கு வருவோம். கோயிலுக்கு யார் எதைக் கொடுத்தாலும் அதில் பேர் எழுதியாக வேண்டும் என்பது இலுப்பக்காட்டுச் சட்டம். டியூப்லைட்டில் பேர் எழுதி எழுதிப் பாதி வெளிச்சம் வெளியே வராது. மைக் ஸ்டாண்டில் பேர், காணிக்கைத் தட்டின் அடியில் பேர், கால் மிதியடிக்குப் பக்கத்துச் சுவரில்கூட ஒரு பேர். ஃபேனுக்கு மூன்று இறக்கை இருப்பது இவர்களுக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று. ஒன்றில் செத்தவர் பேர், ஒன்றில் செத்த தேதி, ஒன்றில் கொடுத்தவர் பேர். ஃபேன் ஓடும்போது ஒரு எழுத்தும் தெரியாது. பூசை நேரத்தில் கரண்ட் போனால் சனம் வியர்வையைத் துடைத்துக்கொண்டே அண்ணாந்து எல்லாவற்றையும் படித்து முடிக்கும்.

ஜெயசீலனின் முதலாம் வருஷப் பூசைக்குக் கலைமணி கொடுத்த ஃபேன், பெண்கள் பக்கத்தில் தூணை ஒட்டித் தொங்கியது. அதற்கு நேர்கீழே அவள் இடம். வேறு எவளாவது தெரியாமல் அங்கே உட்கார்ந்துவிட்டால், "எந்திரி, இது என் மவன் காத்து" என்று எழுப்பிவிடுவாள். சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருந்தாலும் எழுப்புவாள். சிவரஞ்சனி கடைசி வரிசையில், செருப்பு விடுகிற வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூசை கண்டுவிட்டுப் போவாள்.

போன மழைக்குக் கோயில் கூரை ஒழுகி, பீடத்தின் மேலேயே காரை பெயர்ந்து விழுந்தது. புதிதாக வந்திருந்த இளம் சாமியார், கூரையைப் பிரித்துக் கோயிலைப் புதுப்பித்தே தீருவது என்று முடிவெடுத்தார். அதுவரை ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப்பேரவையின் செயலாளர் அறிவழகன் தன் முந்திரிக்கொட்டைக் குடோனைக் கொடுத்தார். கொடுத்ததை ஒவ்வொரு பூசையிலும் மைக்கில் சொல்லவும் செய்தார்.

கோயிலைக் காலி செய்த அன்று கலைமணி சத்துணவுக்கூடத்தில் சாம்பார் கிண்டிக்கொண்டிருந்தாள். சூசையப்பர் சொரூபம் ஒரு வீட்டுக்கு, மணி ஒரு வீட்டுக்கு, பூசைப் பாத்திரங்கள் சாமியார் வீட்டுக்கு என்று பிரித்துவிட்டார்கள். சொரூபம் யார் வீட்டுக்கு என்பதில் அடிதடி ஆனது தனிக்கதை. ஃபேன்களைக் கழற்றியவன் வயர்மேன் கொளஞ்சி. எந்த ஃபேனை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று அவன் கேட்டதற்கு, "பேர் போட்டவங்க வூட்டுலயே குடுத்துரு. நாளைக்குக் காணும் கீணும்னு பேச்சு வராது" என்றார் அறிவழகன். சுலபமான யோசனை. ஊரில் எல்லாச் சண்டையும் சுலபமான யோசனையில்தான் ஆரம்பிக்கிறது.

குடோன் தகரக் கூரை. உள்ளே உட்கார்ந்தால் முந்திரிக்கொட்டை மாதிரியே வறுபட வேண்டியதுதான். முதல் ஞாயிறே ரெண்டு பெண்கள் மயங்கிச் சாய்ந்தார்கள். மேலே இரும்புச் சட்டத்தில் மூன்று ஃபேன் மாட்டத்தான் தோது இருந்தது. அறிவழகன் யாரையும் கேட்காமல் தன் அப்பா பேர் போட்ட ஃபேனை மாட்டிவிட்டார். மீதி இரண்டு கொக்கிக்கு மொத்த ஊரும் வரிந்துகட்டிக்கொண்டு வந்தது. எங்க அப்பாரு கோயிலுக்கு எடம் குடுத்தவரு என்றான் ஒருத்தன். எங்க ஆத்தா வெளக்குமாறு தேய உள்ளெல்லாம் பெருக்குனவ என்றாள் ஒருத்தி. பிதா சுதன் போட்டு ஆரம்பித்த கூட்டம் கெட்ட வார்த்தையில் முடிந்தது. சாமியார் சிலுவையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

கலைமணி மட்டும் கூட்டத்தில் கத்தவில்லை. நேராகக் கொளஞ்சியிடம் போனாள்.

"டேய் கொளஞ்சி, என் மவன் ஃபேன எங்கடா போட்டுருக்க? எடுத்துட்டு வந்து மாட்டு. எவன் தடுக்குறான்னு பாக்குறேன்."

கொளஞ்சி தலையைச் சொறிந்தான். "அத... அவங்க வூட்ல குடுத்தேன்க்கா."

"எவங்க வூட்ல?"

"ஜெயசீலன் பேரு போட்டுருந்துச்சு. அதான், ஜெயசீலன் சம்சாரத்துகிட்ட..."

அவன் மேல் தப்புச் சொல்ல முடியாது. இலுப்பக்காட்டில் புருஷன் செத்தால் அவன் சம்பந்தப்பட்டது எதுவானாலும் பொண்டாட்டி கையில்தான் கொடுப்பார்கள். ரேஷன் கார்டிலிருந்து சவப்பெட்டியில் மிஞ்சின மாலைவரை அதுதான் வழக்கம். அந்தப் பொண்டாட்டி இப்போது வேறொருத்தனுக்குப் பொண்டாட்டி என்பது, ஏணியில் நின்று ஃபேன் கழற்றுகிற அவசரத்தில் அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

கலைமணி அடுத்த தெருவுக்குப் போன வேகத்தைப் பார்த்துக் குடோன் கூட்டம் பாதி அவள் பின்னாலேயே வந்துவிட்டது.

அஜித்குமார் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே சேலைத் தூளியில் எட்டு மாசக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தூளிக்கு நேர்மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் ஃபேனை வாங்கி வைத்த யாருமே அதைச் சாக்கில் கட்டிப் பரணில் போடவில்லை, எல்லார் வீட்டிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கலைமணிக்கு இந்த ஒன்றுதான் கண்ணில் பட்டது. தன் மகன் பேர் வேறொருத்தன் பிள்ளைக்குக் காற்று வீசிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் வாசல்படியிலேயே நின்று கத்தினாள்.

"எறக்குடி அத!" இத்தனை வருஷத்துக்கு அப்புறம் சிவரஞ்சனியிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். "என் மவன் பேருக்குக் கீழ இன்னொருத்தனோட படுத்துக் கெடக்கியே, வெக்கமா இல்ல ஒனக்கு?"

சிவரஞ்சனி எழுந்து வந்து தூளியைப் பிடித்துக்கொண்டாள். "சத்தம் போடாதீங்க. புள்ள தூங்குது."

"எவன் புள்ள?"

கை கழுவிக்கொண்டிருந்த அஜித்குமார் ஈரக்கையோடு வந்தான். "பெரியம்மா, வாய அளந்து பேசுங்க. நாங்க ஒண்ணும் திருடிட்டு வரல. கொளஞ்சி அண்ணன்தான் குடுத்துட்டுப் போனாரு. ஒங்களுக்கு வேணும்னா எடுத்துட்டுப் போங்க."

"எடுத்துக் குடுக்கலாம்," என்றாள் சிவரஞ்சனி. "அதுக்கு முன்னால ஒண்ணு கேக்குறேன். இந்த ஃபேன எத வித்து வாங்குனீங்க? சொல்லுங்க அத்த. வாசல்ல இத்தன பேரு நிக்கிறாங்கல்ல, சொல்லுங்க."

கலைமணி ஃபேனை ஒரு தரம் பார்த்தாள், வாசலில் நின்றவர்களை ஒரு தரம் பார்த்தாள். அவளுக்கு வார்த்தை வராமல் போனதை ஊர் அன்றுதான் பார்த்தது.

"என் கழுத்துல கெடந்த தாலி அது. நீங்கதான் கழட்டுனீங்க. கோயிலுக்கு ஃபேன் வாங்கிப் போட்டுருவோம், ஒன் பேரையும் என் பேரையும் எழுதிருவோம்னு சொன்னீங்க. மாட்டுன அன்னைக்கி அண்ணாந்து பாத்தேன். அதுல நான் இல்ல. அன்னைக்கி நான் ஒண்ணும் கேக்கல. ஏன் கேக்கலன்னு ஒங்களுக்கே தெரியும். எனக்காகக் கேக்க யாரு இருந்தா?"

"ரெண்டு வருசத்துல வேற தாலி ஏறிக்கிச்சுல்ல? அப்பறம் என்னடி பழைய தாலி?" என்றாள் கலைமணி.

குழந்தை விழித்து வீறிட்டது. அஜித்குமார் ஸ்டூலைப் போட்டு ஏறி ஃபேனைக் கழற்றி, வாசல்படியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினான். கலைமணி அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவோடு நடந்தாள். பின்னால் வந்த கூட்டம் சத்தமில்லாமல் வழி விட்டது. அந்தச் சத்தமில்லாததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. நாலு பேர் ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பாள்.

ஃபேனைக் குடோனில் மாட்ட விடவில்லை. அவள் வருவதற்குள் இரண்டு கொக்கியையும் வேறு இரண்டு வீட்டுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவளும் வழக்கத்துக்கு மாறாக மல்லுக்கு நிற்காமல் வீட்டுக்கே கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்து வைத்தாள். அவளது ஓட்டுவீட்டில் மேசைஃபேன்தான் உண்டு, மாட்டக் கொக்கி கிடையாது.

அதுதான் வினை. கோயிலில் எட்டாத உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்தவரை அந்த எழுத்துகள் அவளை ஒன்றும் செய்ததில்லை. இப்போது சோறு தின்னும்போதும் கண் முன்னால், பாயை விரிக்கும்போதும் கண் முன்னால். 'அன்பளிப்பு: தாயார் கலைமணி' என்று சிவப்பில் கொட்டை கொட்டையாக எழுதியிருந்தது. 'ஜெயசீலன் நினைவாக' என்பது அதைவிடச் சின்ன எழுத்து. செத்தவன் பேரைவிடக் கொடுத்தவள் பேர் பெரிசு. எழுதியவன் செந்துறையில் நம்பர் பிளேட் எழுதுகிறவன், இவள் பக்கத்தில் நின்று "நல்லா பெருசா போடு, கீழேருந்து தெரியணும்" என்று சொல்லித்தான் எழுதினான். அவளுக்கே வெட்கமாகப் போயிற்று.

இன்னொன்றும் இடித்தது. வேறு தாலி ஏறிக்கிச்சுல்ல என்று அன்று கேட்டாளே, ஃபேனில் பேர் எழுதிய நாளில் சிவரஞ்சனி எங்கே இருந்தாள்? இவள் வீட்டில்தான் இருந்தாள். இவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துக்கொண்டு, இவள் துணியைத் துவைத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள். அவள் பேரை விட்டதற்கு அன்றைக்கு ஒரு காரணமும் கிடையாது. பெற்றவளுக்குத்தான் துக்கம், கட்டினவளுக்கு ஒரு வருஷப் பழக்கம்தானே என்று நினைத்தாள், அவ்வளவுதான். செல்லக்கண்ணு செத்தபோது அவன் ஆத்தா தன்னைப் பற்றி இதையேதான் சொன்னாள் என்பது ஞாபகம் வந்து, எழுந்து போய்ப் பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள்.

அவள் வாய் மட்டும் அடங்கவில்லை. சத்துணவுக்கூடத்தில் முன்பைவிட அதிகமாகக் கத்தினாள். குடோன் பூசைக்குப் போனால் பெண்கள் அவளுக்குத் தாராளமாக இடம் விட்டு உட்கார்ந்தார்கள். "தாலிய வித்து பேரு வாங்குனவ" என்று காதுபடவே பேசினார்கள். பேசியவர்களில் ஒருத்தியாவது சிவரஞ்சனியின் மறுகல்யாணத்தை மெச்சியவள் இல்லை. ஏச ஆள் கிடைத்தால் போதும் அவர்களுக்கு.

கோயில் வேலை முடிகிற சமயத்தில் சாமியார் பூசையில் ஒரு அறிவிப்புச் செய்தார். புதுக் கோயிலில் எந்தச் சாமானிலும் யார் பேரும் இருக்காது. பழைய ஃபேன்கள் நன்றாக ஓடுவதால் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், கொளஞ்சி வெள்ளை பெயின்ட் அடித்து மாட்டிவிடுவான். குடோன் கொதித்தது. அறிவழகன் ராஜினாமா செய்வேன் என்றார், ரெண்டு வாரம் பூசைக்கு வராமல் இருந்தார். யாரும் போய்க் கூப்பிடவில்லை என்றதும் அவரே வந்து அப்பா ஃபேனைக் கொடுத்தார். அவர் கொடுத்ததும் ஒவ்வொருவராக முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள். பெண்கள் பக்கம் தூணை ஒட்டின கொக்கி மட்டும் வெறுமனே நின்றது.

சாமியார் அவள் வீட்டுக்கே வந்தார்.

"பேரு இல்லாத ஃபேனு கடையில நெறைய கெடக்கு சாமி. ஒண்ணு வாங்கி மாட்டிக்குங்க," என்றாள்.

"யாரு குடுத்ததுன்னு ஆண்டவருக்குத் தெரியும்மா. அது போதாதா?"

"ஆண்டவருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிய வேணாமா?"

சாமியார் சுவரில் சாய்ந்திருந்த ஃபேனைப் பார்த்தார். "ஊருக்கும்தான் தெரிஞ்சுபோச்சேம்மா," என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. சாமியாராக இல்லாவிட்டால் அன்றைக்கு அவர் பாடு திண்டாட்டம்தான். "ஞாயித்துக்கிழமை ஆயர் வந்து புதுக் கோயில மந்திரிச்சுத் தெறந்து வைக்கிறார்," என்று அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "சனிக்கிழமைக்குள்ள வரலன்னா அறிவழகன் வேற ஒண்ணு தரேங்கிறார். ஜெயசீலனுக்குக் கோயில்ல எடம் இல்லாமப் போயிரும். யோசிச்சுக்குங்க."

பேர் போனாலும் ஃபேன் இருக்கும். ஃபேனே போனால் மகனுக்கு அந்தக் கோயிலில் ஒன்றுமே இல்லை. அதுவும் அறிவழகன் ஃபேன் அந்த இடத்தில் சுற்றுவதா?

மறுநாள் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு, ஃபேனிலிருந்து ஒரே ஒரு இறக்கையைக் கழற்றி யூரியா சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு செந்துறைக்குப் பஸ் ஏறினாள். பஸ்ஸில் என்ன அது என்று கேட்ட கண்டக்டருக்கு, "ஒன் தலையில போடுறதுக்கு" என்று பதில் கிடைத்தது.

சனிக்கிழமை மத்தியானம் கொளஞ்சி புதுக் கோயில் வாசலில் பெயின்ட் டப்பாவும் கையுமாக இருந்தான். மற்ற ஃபேனெல்லாம் வெள்ளையாகி உள்ளே தொங்கிக்கொண்டிருந்தன. கலைமணி ஃபேனைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். இறக்கைகளைத் துடைக்கத் துணியை எடுத்தவன் அப்படியே நின்றான். கொடுத்தவர் பேர் போட்ட இறக்கையில் பழைய எழுத்து சுத்தமாக இல்லை. இன்னும் பெயின்ட் வாசம் போகாத புது எழுத்தில், 'அன்பளிப்பு: மனைவி சிவரஞ்சனி' என்று இருந்தது.

"யக்கா," என்றான். "நான் எப்புடியும் மேல பெயின்ட் அடிக்கப் போறேன். இத எதுக்கு எழுதிக்கிட்டு வந்த?"

"பெயின்ட் அடிக்கிறது ஒன் வேல. எழுதுறது என் வேல."

"அது சரி. ஒன் பேரு எங்கக்கா?"

"அவன பெத்தவ யாருன்னு இந்த ஊருக்குத் தெரியாதா?"

கொளஞ்சி தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அஜித்குமாரும் சிவரஞ்சனியும் லோடு ஆட்டோவிலிருந்து நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். "அவங்க இங்கதான் இருக்காங்க. கூப்புட்டு ஒரு தடவ காட்டிரட்டுமா? அடிச்சுட்டா அப்பறம் தெரியாது."

"காட்டுனன்னு தெரிஞ்சுது, ஒங் கைய ஒடச்சு அடுப்புல வச்சுருவேன்," என்றாள் கலைமணி. "அவகிட்ட நான் எதுக்குக் காட்டணும்? அவ யாரு எனக்கு? பேசாம அடி."

அவன் பிரஷ்ஷை முக்கி, தேதி போட்ட இறக்கையை முதலில் அடித்தான். அப்புறம் ஜெயசீலன் பேரை அடித்தான். கடைசி இறக்கைக்கு வந்தபோது ஒரு தரம் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அடிடா என்று தலையை ஆட்டினாள். சிவரஞ்சனி பேரின் கடைசி எழுத்து வெள்ளைக்குள் போகிறவரைக்கும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.